மந்திரிக்கு எவ்வளவு வேர்க்கும்?

எங்கள் சுமித்திரா அக்காவிடம் கேட்காமல் ஸ்கந்தபுரத்தில் சூரியன் உதிப்பதில்லை. விடியப்புறம் பனைகளுக்கு அங்கால் மெல்லத் தலையை நீட்டி, "பிள்ளை, இண்டைக்கு எவ்வளவு சூடு போடட்டும்?" என்று கேட்டு, அவர் சொன்ன பிறகுதான் மேலே ஏறும். காற்றும் அப்படித்தான். படலையில் நின்று அனுமதி வாங்கித்தான் வளவுக்குள் வரும். நிலாவுக்கு ஆள் அனுப்பிய நாடுகூட எட்டிப் பார்க்காத ஓர் இடத்தை எட்டிப் பார்த்தவர் அவர். அது மாட்டின் வேர்வை. உலகம் தோன்றிய நாளிலிருந்து மாடுகளுக்கு வேர்த்துக்கொண்டிருக்கிறது. யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்களா? அதற்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு மனிசி பிறக்க வேண்டியிருந்தது.

இதை நான் கடையடியில் சொன்னால் சனம் சிரிக்கும். அக்கா மட்டும் சிரிக்க மாட்டார். கோபம் என்று இல்லை. சிரிப்பதற்கும் கொஞ்சம் தென்பு வேண்டுமல்லவா.

அக்கா எங்கள் பக்கத்து வீடு. முத்துலிங்கம் மாமாவின் மூத்த மகள். கம்பஸில் விவசாயம் படித்துப் பட்டம் எடுத்தார். அதற்கு மேலே இன்னொரு பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போனார். ஆராய்ச்சி என்றால் வெள்ளை உடுப்பும் கண்ணாடிக் குழாயும் என்று நான் நினைத்திருந்தேன். அது மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அதன் விலா எத்தனை தரம் ஏறி இறங்குகிறது என்று எண்ணுவது. வெயிலில் குடை பிடித்தால் மாடு மிரளும் என்பதால் குடையும் இல்லை. மாட்டுக்கு ஒரே பக்கத்தில் நின்று எண்ணி எண்ணி, அக்காவின் ஒரு பக்கத்துக் கை மற்றக் கையைவிடக் கறுத்துப் போயிருந்தது.

அவருடைய ஆராய்ச்சி என்னவென்று எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். பிழை இருந்தால் அது என் பிழை. சாதாரண தரச் சோதனையில் எனக்குக் கணிதம் டபிள்யூ, அதாவது பெயில். அக்கா மினக்கெட்டு, ஒரு சதமும் வாங்காமல் படிப்பித்தும் டபிள்யூ. பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பள்ளிக்கூடமும் என்னைத் தேடி வரவில்லை.

மாட்டுக்குள்ளே ஓர் அடுப்பு எரிகிறது. அது தின்கிற புல்லும் புண்ணாக்கும்தான் விறகு. பால் கூடக் கறக்கிற மாட்டுக்கு அடுப்பும் பெரிது. அந்தச் சூடு எப்படியாவது வெளியே போக வேண்டும். கொஞ்சத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். வேர்வை காயும்போது கொஞ்சம் போகும். மூச்சோடு கொஞ்சம், படுத்தால் நிலத்துக்குள் கொஞ்சம். ஆனால் வெளியே வெயிலும் கூரையும் சும்மா இருக்காது, போன சூட்டைத் திருப்பி உள்ளே தள்ளும். போவது எவ்வளவு, வருவது எவ்வளவு என்று அக்கா ஒரு நீளமான சமன்பாடு எழுதி வைத்திருந்தார். அந்தச் சமன்பாடு சொல்கிற சூடும், மாட்டின் தோலில் உண்மையாக இருக்கிற சூடும் ஒத்துப்போனால் அக்கா வென்றார். பிறகு எங்கே கொட்டில் போட்டாலும், போடுமுன்பே, இந்தக் கூரைக்குக் கீழே மாடு எவ்வளவு அவதிப்படும் என்று சொல்லிவிடலாம்.

ஒத்துப்போகாவிட்டால்? ஒழுங்கையால் விடியற்காலையில் ஆடைத் தொழிற்சாலை பஸ் ஒன்று போகும். அக்காவோடு படித்த ரஜிதா அக்கா அதில்தான் வேலைக்குப் போகிறார். அக்காவின் படலையில் பஸ் கொஞ்சம் மெதுவாகும், ஹோர்ன் ஒன்று அடிக்கும். ரஜிதா அக்கா யன்னலால் கையை ஆட்டுவார். பக்கத்துச் சீற்றில் தன்னுடைய பையை வைத்திருப்பார். அது அக்காவுக்குப் பிடித்துவைத்த இடம். முத்துலிங்கம் மாமா படலையடியில் பல்லைத் தீட்டிக்கொண்டு சொல்லுவார்: "பஸ் வாசலுக்கு வருகுது பிள்ளை. உன்ரை மாடு உன்னை எங்கை கொண்டுபோகப்போகுது?"

அக்கா கொப்பியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விடுவார். முதல் வருசம் கருவிகள் வந்து சேருமுன் மழை வந்துவிட்டது. அடுத்த வருசம் மாடுகளுக்கு வாய், கால் நோய். யார் கொட்டிலுக்குள்ளும் யாரும் கால் வைக்க முடியவில்லை. இது மூன்றாவது வெயில் காலம். பேராசிரியர் போனில் பேசும்போது நான் பக்கத்தில் நின்றேன். அவர் ஏசவில்லை. அவருக்கும் களைப்பாக இருந்தது போல. இந்தத் தரமும் சரிவராவிட்டால் இதோடு விடுவம் பிள்ளை என்றார். அக்கா ஓம் சேர் என்றார். சித்திரை கழிந்து சோளகக் காற்று எழும்பினால் வெக்கை குறைந்துவிடும், அளப்பதற்கு ஒன்றும் இருக்காது. அதற்குள் கணக்கு ஒத்துவர வேண்டும். இல்லாவிட்டால் பஸ்.

ஆராய்ச்சிக்கு இரண்டு மாடு. ஒன்று அக்கா வீட்டுக் கல்யாணி. அவளுக்கு உயரமான கிடுகுக் கூரை, நாலு பக்கமும் திறந்த கொட்டில். மற்றது எங்கள் வீட்டு மாடு. அதற்கு மந்திரி என்று பெயர் வைத்தது நான். பசுவுக்கு என்ன மந்திரி என்று அம்மா ஏசினார். எல்லோரும் கொண்டுவந்து கொடுக்கவேண்டும், அது படுத்திருந்து மெல்லும், கொடுப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கும். வேறு என்ன பெயர் வைப்பது?

மந்திரியின் கொட்டில்தான் அக்காவுக்குத் தேவைப்பட்டது, ஏனென்றால் அது அவ்வளவு மோசமான கொட்டில். எங்கள் அப்பாவின் ஆட்கள் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர்கள். வரும்போது சட்டி பானையைக்கூடக் கொண்டுவர முடியவில்லை, ஆனால் மாட்டுக்கொட்டில் எப்படிக் கட்டுவது என்பதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மலையில் குளிர். அங்கே கொட்டில் பதிந்து தாழ்வாக இருக்க வேண்டும், காற்று வருகிற பக்கம் அடைத்திருக்க வேண்டும். அப்பா அதை அப்படியே இங்கே, பங்குனி வெயிலில், கட்டிவைத்தார். ஆராய்ச்சிக்கு முதலே ஒருதரம், அக்காவின் சொல்லைக் கேட்டு அம்மா அப்பாவுக்குப் போன் எடுத்து, காற்றுப் பக்கத்து அடைப்பைக் கழற்றட்டுமா என்று கேட்டார். அப்பா பளையில் தென்னந்தோட்டத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். காத்துப் பட்டால் மாட்டுக்குச் சளி பிடிக்கும், கை வைக்காதே என்று சொல்லிவிட்டார். மலையைக் கண்ணாலும் காணாத மந்திரி, மலைக் குளிருக்குக் காப்புப் பெற்று, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தாள்.

கூரை தகரம். போர் முடிந்து மீளக் குடியேறியபோது தந்த தற்காலிக வீட்டின் தகரம்தான். கல்வீடு கட்டியதும் தகரம் மாட்டுக்குப் போனது. ஒழுங்கை முழுக்க அப்படித்தான். அந்தத் தகரத்துக்குக் கீழே மந்திரிக்கு முதல் நான் கிடந்திருக்கிறேன். மத்தியானத்தில் அம்மா துவாயை நனைத்து என்மேல் போட்டுவிடுவார். அது கொஞ்ச நேரத்தில் காய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிடும். திரும்ப நனைப்பார். எனக்கு அந்த வீட்டில் ஞாபகம் இருக்கிற ஒரே விஷயம் அதுதான்.

அக்கா இரண்டு மாட்டின் விலாவிலும் ஓரிடத்தில் மயிரை மழித்து, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவியை ஒட்டினார். அது இரவும் பகலும் தானாகவே தோலின் சூட்டைப் பதிந்துகொண்டிருக்கும். கிழமைக்கு ஒருதரம் கழற்றி லப்டொப்பில் மாட்டினால் கோடாக வரும். கூரைக்குக் கீழே இன்னொரு பொத்தான். மந்திரியைக் காலையில் மட்டும் கழுவலாம், பிறகு பின்னேரம் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி மேலே படக்கூடாது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். காய்ந்த தோலுக்குத்தான் சமன்பாடு. எனக்குப் படிப்பித்த நன்றிக்கு அம்மா உடனே தலையாட்டினார்.

எனக்குப் பொழுது போகாத காலம் அது. அம்மா காலையில் கச்சான் கடலைத் தோட்டத்துக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். ஆகவே அக்கா எனக்குக் கிடைத்த விருந்து. அவர் மந்திரியின் மூச்சை எண்ணும்போது நான் பக்கத்தில் நின்று வேறு எண்களைச் சத்தமாகச் சொல்வேன். முப்பத்தாறு, எட்டு, பன்னிரண்டு, தொண்ணூறு. அக்கா நிறுத்தி, கண்ணை ஒருதரம் மூடித் திறந்து, முதலிலிருந்து தொடங்குவார். ஒருநாள் ஒழுங்கை முகப்பில், மாடுகளுக்கு இலவசமாகக் காய்ச்சல் பார்க்கப்படும் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். இரண்டு பேர் நாயைக் கொண்டுவந்து அக்காவின் படலையில் நின்றார்கள். இன்னொரு நாள் மிச்சமிருந்த பொத்தான் ஒன்றை எடுத்து எங்கள் அடைகாக்கும் கோழிக்குக் கீழே வைத்துவிட்டேன். லப்டொப்பில் நூல் பிடித்த மாதிரி நேராக ஒரு கோடு வந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோழியின்ரை அளவு நல்லா வந்திருக்கு," என்றார். அழிக்காமல் வைத்துக்கொண்டார்.

அதை நான் கடையடி, கிணற்றடி, குளத்தடி எல்லா இடமும் சொல்லித் திரிந்தேன். பகிடி விட்டால் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா சந்தியில் ரியூசன் கொட்டிலுக்குப் போவார். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம். போகுமுன் எங்கள் கொட்டிலில் ஒருதரம் மூச்சு எண்ணுவார், வந்து ஒருதரம் எண்ணுவார். நடுவிலே, அந்தக் கொதிக்கிற நேரம், வளவில் நானும் மந்திரியும்தான். நான் அப்போது என்ன செய்வேன் என்று யாரும் கேட்கவில்லை.

பங்குனி நடுவில் முதல்தரம் பொத்தான்களைக் கழற்றினார். கல்யாணியின் கோடும் சமன்பாட்டின் கோடும் அக்கா தங்கச்சி மாதிரி ஒன்றாகப் போயின. மந்திரியுடையதைப் போட்டதும் அக்காவின் முகம் மாறியது. காலையில் இரண்டு கோடும் ஒன்றாகத்தான் ஏறின. மத்தியானம் கழிந்ததும் சமன்பாட்டின் கோடு இன்னும் மேலே போக, மந்திரியின் கோடு தொப்பென்று கீழே விழுந்து, பிறகு மெல்ல ஏறிப் பின்னேரம் வந்து சேர்ந்துகொண்டது. ஒருநாள் இல்லை, எல்லா நாளும். அக்காவின் கணக்குப்படி மந்திரி வெந்துகொண்டிருக்க வேண்டிய நேரத்தில் கல்யாணியைவிடச் சுகமாக இருந்தாள்.

"தகரத்துக்குக் கீழை இருக்கிற மாடு எப்பிடிக் குளிரும்?" என்று அக்கா லப்டொப்பைக் கேட்டார்.

நான் கோழிக்குத் தீன் போட வேண்டும் என்று சொல்லி எழும்பிவிட்டேன்.

அடுத்த நாட்களில் அக்காவைப் பார்க்க எனக்கு விருப்பமில்லாமல் இருந்தது, ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் எல்லாம் தெரியும். காற்றின் வேகத்தைத் தவறாக எடுத்துவிட்டேனோ என்று கொட்டிலின் ஒவ்வொரு ஓட்டைக்கும் முன்னால் ஊதுபத்தி கொளுத்திப் புகை போகிற பக்கத்தைப் பார்த்தார். புகை அசையவில்லை. வேர்வையைக் குறைத்துக் கணித்துவிட்டேனோ என்று சமன்பாட்டில் வேர்வையைக் கூட்டினார். மந்திரியின் கோடு சரியாக வந்தது, கல்யாணியுடையது குழம்பியது. திரும்பக் குறைத்தார். கல்யாணி சரியானாள், மந்திரி குழம்பினாள். பொத்தான் பழுதோ என்று இரண்டையும் மாற்றி ஒட்டிப் பார்த்தார். கோடு பொத்தானோடு போகவில்லை, மாட்டோடுதான் நின்றது. குசினியில் அவருடைய அம்மா சாப்பிடக் கூப்பிடுவது கேட்கும். அக்கா பிறகு என்பார். அந்தப் பிறகு வரவே வராது. விடிய பஸ் ஹோர்ன் அடிக்கும். ஒருநாள் அக்கா படலை வரைக்கும் போய், ரஜிதா அக்காவிடம் யன்னலால் ஏதோ கதைத்துவிட்டு வந்தார். சித்திரை வருசம் கழிந்து வருவதாகச் சொன்னாராம். மாமா அன்று முழுக்கச் சந்தோசமாகத் திரிந்தார்.

நான் பகிடியைக் கூட்டினேன். மந்திரியின் கொம்புக்குச் செம்பரத்தம் பூ வைத்து, அக்காவின் உழைப்புக்குப் பொன்னாடை என்று சொன்னேன். அக்கா பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூச்சை எண்ணத் தொடங்கினார். நான் எண்களைச் சொல்லவில்லை. சொல்லாமல் நின்றதையும் அவர் கவனித்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு ஒருநாள், அன்றைக்கு மட்டும் ரியூசனை நிற்பாட்டிவிட்டு, அந்த நேரம் முழுக்க எங்கள் கொட்டிலில் இருக்கப்போவதாக வந்தார். இருப்பதற்கு ஒன்றும் இல்லாததால், கிணற்றடியில் கிடந்த பச்சை வாளியை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தார். வெக்கை என்றால் அப்படியொரு வெக்கை. தகரம் சூட்டில் சடசடத்தது. அக்காவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நான் மாமர நிழலில் நின்று, உள்ளே வாங்கோ, பிளேன்ரீ ஊத்தித் தாறன் என்று இரண்டு மூன்று தரம் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. மந்திரி எழும்புவாள், அக்காவுக்குக் கிட்ட வந்து நிற்பாள், மூசுவாள், திரும்பப் போய்ப் படுப்பாள். கொஞ்ச நேரத்தில் திரும்ப எழும்பி வருவாள்.

"இது ஏன் என்னையே பாத்துக்கொண்டு நிக்குது?" என்று அக்கா கேட்டார்.

"மந்திரிக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றேன்.

அன்றைய கோடு அப்படியே சமன்பாட்டோடு ஒத்துப்போனது. விழவே இல்லை. அக்கா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். ஒருநாள் சரியாக வந்தால் மற்ற நாளெல்லாம் ஏன் பிழை?

"வெக்கம் அக்கா," என்றேன். "படிச்ச ஆக்கள் பக்கத்திலை இருந்தால் மந்திரிக்கு வேர்வை வராது."

அதற்கும் அக்கா சிரிக்கவில்லை. அது நல்ல பகிடி. அதைக்கூட நான் கடையடியில் சொல்லவில்லை.

சித்திரை தொடங்கவும் வவுனியாவில் மாமியின் மகள் பெரிய பிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு வந்தது. அம்மாவும் நானும் விடியப் போய் இரவு திரும்பினோம். மந்திரிக்குப் புல் போடும் வேலையை முத்துலிங்கம் மாமா பார்த்துக்கொண்டார். பந்தலில் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது மந்திரி என்ன செய்வாள் என்று யோசித்தேன். ஐஸ்கிரீம் உருகிச் சட்டையில் ஊற்றிவிட்டது. அம்மா ஏசினார்.

அதற்கு அடுத்த கிழமை ஒருநாள், சாப்பாட்டுக்குப் பிறகு, அக்காவின் சைக்கிள் வழக்கம்போல எங்கள் படலையைத் தாண்டிச் சந்திப் பக்கம் போனது. நான் கிணற்றடிக்குப் போனேன். வாளியைக் கையில் எடுக்கவில்லை, அதற்குள் சைக்கிள் திரும்பி வந்து படலையில் சாய்ந்தது. ரியூசன் பிள்ளைகளுக்குச் சோதனைத் தாளை முன்னமே கொடுத்தனுப்பிவிட்டாராம். நேரே கொட்டிலுக்கு வந்து தூணோடு சாய்ந்துகொண்டார்.

"நீ வவுனியாவுக்குப் போன அண்டைக்கு என்ரை கணக்குச் சரியா வந்தது, தேனு."

"நல்லதுதானே அக்கா. அப்ப நான் அடிக்கடி போறன்."

"நான் இஞ்சை இருந்த அண்டைக்கும் சரியா வந்தது. மற்ற நாளெல்லாம் மந்திரியின்ரை தோல் குளிருது. கூரை குளிரேல்லை. காத்தும் இல்லை. தோல் மட்டும் குளிருது. என்ரை சமன்பாட்டிலை இல்லாத ஒண்டு இந்தக் கொட்டிலுக்கை இருக்கு. காத்திலை தேடினன், வேர்வையிலை தேடினன்." அக்கா என்னை நேரே பார்த்தார். "அது ரண்டு காலிலை நிக்குது எண்டு இப்பதான் விளங்குது."

பொய் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம். ஆனால் எந்தப் பொய் என்று எடுக்க நேரம் கிடைக்கவில்லை. தண்ணி ஊற்றியது நான்தான். பொத்தான் அதையும் பதியும் என்று எனக்கு முதலில் தெரியாது. பின்னேரம் அக்கா வருமுன் காய்ந்துவிடும், அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கோடு விழுந்ததைக் கண்ட பிறகு நிற்பாட்டப் பார்த்தேன். அன்று மந்திரி நுரை தள்ளிக்கொண்டு என்னையே பார்த்தாள். நிற்பாட்ட முடியவில்லை.

"பகிடிக்குத்தான் அக்கா," என்றேன். "உங்களைக் குழப்பிப் பாப்பம் எண்டு."

அக்கா நிலத்தில் இருந்துவிட்டார், சாணத்தையும் பாராமல். பிறகு ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல மெல்லச் சொன்னார். பகிடிக்கு, நினைத்த நேரம் நினைத்த அளவில் ஊற்றியிருந்தால் இந்த வெயில் காலம் முழுவதும் குப்பை. மந்திரியின் அளவுகளை எறிந்துவிட்டு, வருசம் கழிய அவர் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் ஊற்றியிருந்தால் ஒன்றும் பழுதாகவில்லை. தண்ணி என்று இன்னொரு உறுப்பைச் சமன்பாட்டுக்குள் சேர்த்துவிடலாம். காய்ந்த மாட்டுக்கு அவர் இருந்த நாளும் வவுனியா நாளும் இருக்கின்றன. அடைத்த தகரக் கொட்டிலில் தண்ணி எவ்வளவு உதவும் என்று அளந்த கணக்குப் பேராசிரியரிடமும் இல்லை.

"அதாலை உண்மையைச் சொல்லு. ஒரே மாதிரியோ ஊத்தினனி?"

இங்கேதான் என் புத்தி. ஓம் என்று சொன்னால் போதும், அக்கா தப்பினார். ஆனால் ஓம் என்றால், ஊருக்கே பகிடி விடுகிற தேனுகா மாட்டுக்கு இரங்கி ஒவ்வொரு நாளும் தண்ணி அள்ளிய கதை வெளியே வந்துவிடும். வாய் தானாகத் திறந்து, "நினைச்ச நேரம் ஊத்தினனான்," என்றது.

"கோழிக்குக் கீழை பொத்தானை வைச்சிட்டு ஊருக்கெல்லாம் சொன்னனி," என்றார் அக்கா. "நாயைக் கொண்டு வந்ததை இண்டைக்கும் சொல்லுறாய். இதை ஆருக்குச் சொன்னனி?"

நான் கிணற்றடிப் பக்கம் பார்த்தேன்.

"பகிடிக்குப் பாக்க ஆள் வேணும், தேனு. நீ ஆளில்லாத நேரம் பாத்தெல்லோ ஊத்தியிருக்கிறாய்."

எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். பச்சை வாளியை எடுத்துவந்து, வெறும் வாளியாகவே என் கையில் தந்தார். மந்திரிக்குப் பக்கத்தால் அந்த மூலை வரைக்கும் நட என்றார். என்ன விளையாட்டு இது என்று கேட்டேன். நடந்தாப் போதும் என்றார்.

நடந்தேன். படுத்திருந்து இளைத்துக்கொண்டிருந்த மந்திரி, வாளியின் கைபிடி கிணுங்கியதும் காதை நிமிர்த்தினாள். பின்னங்காலை ஊன்றி எழும்பினாள். அந்தச் சின்னக் கொட்டிலுக்குள் மெல்லச் சுற்றி, இடப்பக்கத்து விலாவை எனக்குக் காட்டிக்கொண்டு, கழுத்தைத் தாழ்த்தி, அசையாமல் நின்றாள். நான் முறைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அண்டைக்கு அது என்னைப் பாக்கேல்லை," என்றார் அக்கா. "நான் இருந்த வாளியைப் பாத்திருக்கு. நினைச்ச நேரம் ஊத்தின மாடு இப்பிடி வந்து நிக்காது. எப்ப ஊத்திறனி?"

"உங்கடை சைக்கிள் படலையைத் தாண்டின உடனை."

"எத்தனை வாளி?"

"மூண்டு," என்றேன். "கடைசி வாளி கழுத்துக்கு."

அக்கா போனை எடுத்தார். ரஜிதா அக்கா வேலையில் இருந்திருப்பார், பின்னால் மெசின் சத்தம் பெரிதாகக் கேட்டது. அக்கா கனக்கக் கதைக்கவில்லை. "அந்தச் சீற்றை வேறை ஆருக்கும் குடு ரஜி," என்றார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, தூணில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். நித்திரையாகிவிட்டாரோ என்று பார்த்தேன். மந்திரி இன்னும் கழுத்தைத் தாழ்த்தியபடியே நின்றாள்.

"நிரப்பிக்கொண்டு வா," என்றார் கண்ணைத் திறக்காமலே. "எனக்கு முன்னாலை ஊத்து. நான் இஞ்சை இல்லை எண்டு நினைச்சு ஊத்து."